டேஷ்கேம் வீடியோ மங்கலாக இருக்கிறதா, பாதியில் அறுந்து போகிறதா? கேமராவை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

டேஷ்கேம் (காரின் முன்கண்ணாடியில் ஒட்டி, சாலையைப் பதியும் கேமரா) பற்றிய புகார்கள் இரண்டே வகைதான். வீடியோ இருக்கும், அதில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. அல்லது எல்லா வீடியோவும் இருக்கும், தேவைப்பட்ட அந்த ஒரு நிமிடம் மட்டும் இருக்காது. இரண்டுக்கும் பலர் எடுக்கும் முடிவு ஒன்றே: புதுக் கேமரா வாங்குவது. வாங்கிய சில மாதத்தில் அதே புகார் திரும்ப வரும். பழைய கார்டு, பழைய கேபிள், அதே அழுக்குக் கண்ணாடி எல்லாம் அப்படியே இருக்கும்போது கேமரா மட்டும் என்ன செய்யும்?

வீடியோ மங்கலாக இருந்தால் கேமராவுக்கு முன்னால் இருப்பதைச் சந்தேகப்படுங்கள்: கண்ணாடி, வெளிச்சம், கோணம். வீடியோ காணாமல் போனால் பின்னால் இருப்பதைச் சந்தேகப்படுங்கள்: கார்டு, கரண்ட். கேமராவே கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு இவை எல்லாம் முடிந்த பிறகு வந்தால் போதும்.

அசல் ஃபைலைப் பார்த்தீர்களா?

மொபைல் ஆப்பில் வைஃபை வழியாகத் தெரியும் படம் பெரும்பாலான கேமராக்களில் அசல் பதிவே இல்லை. வேகமாக அனுப்புவதற்காகக் கேமரா தனியாக உருவாக்கும் சின்னப் படம் அது. மெசேஜிங் ஆப்பில் அனுப்பிய வீடியோவும் அப்படித்தான், வழியிலேயே நசுக்கப்பட்டுவிடும். தரத்தைப் பற்றி ஏதாவது முடிவு எடுக்க வேண்டுமானால் கார்டைக் கழற்றி, ரீடரில் போட்டு, கம்ப்யூட்டரில் முழு அளவில் பாருங்கள். எச்.265 என்ற, வீடியோவை அதிகம் சுருக்கும் முறையில் பதியும் கேமராவாக இருந்து, பழைய கம்ப்யூட்டரில் வீடியோ விட்டு விட்டு ஓடினால் அது கம்ப்யூட்டரின் திணறல். பதிவில் கோளாறு இல்லை.

கையோடு பிட்ரேட்டையும், அதாவது ஒரு நொடி வீடியோவுக்குக் கேமரா எழுதும் தகவலின் அளவையும், கணக்குப் போட்டுவிடலாம். ஃபைல் அளவை எம்.பி.யில் எடுத்து 8ஆல் பெருக்கி, வீடியோ நீளத்தை நொடியில் எடுத்து வகுக்க வேண்டும். 3 நிமிட ஃபைல் 340 எம்.பி. என்றால் 340 × 8 ÷ 180, அதாவது சுமார் 15 மெகாபிட். 1080 வீடியோ (படத்தின் உயரம் 1080 பிக்சல்), நொடிக்கு 30 ஃபிரேம், எச்.264 என்ற பழைய சுருக்கு முறை, இந்த அமைப்புக்கு 12 முதல் 17 வரை இருந்தால் பரவாயில்லை. 10க்குக் கீழே இறங்கினால் மர இலை, தார் சாலை, சரளை எல்லாம் கட்டம் கட்டமாக உருகிப் போகும். 1440க்கு 20 முதல் 25, 4கே வீடியோவுக்கு 40க்கு மேல் இருப்பது நல்லது. எச்.265 என்றால் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் சமாளிக்கும். பல கேமராக்களின் மெனுவில் பிட்ரேட் நடுத்தரத்தில்தான் வந்து சேரும். கார்டில் கூடுதல் மணிநேரம் காட்டுவதற்காகச் செய்யும் வேலை அது. உயர்வுக்கு மாற்றிவிடுங்கள். இதற்கு ஒரு செலவும் இல்லை.

கண்ணாடியின் உள்பக்கம்

வெளிப்பக்கத்தை வைப்பர் துடைத்துவிடும். உள்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. அதிலும் கேமராவுக்கு நேர் எதிரே, ரியர்வியூ மிரருக்குப் பின்னால் இருக்கும் அந்த உள்ளங்கை அகல இடத்தில் கை நுழைவதே கஷ்டம். வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி அங்கே மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. பகலில் அது கண்ணுக்குத் தெரியாது. இரவில் எதிரே ஒரு ஹெட்லைட் வந்தால் போதும், படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். சந்தேகமிருந்தால் இருட்டில் வெளியே நின்று மொபைல் டார்ச்சைக் கண்ணாடி மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். படலமும் விரல் ரேகைகளும் வரி வரியாகத் தெரியும்.

70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து ஒரு முறை துடையுங்கள். காயும் முன் உலர்ந்த இன்னொரு துணியால் இன்னொரு முறை. ஒரே துணியால் இரண்டு வேலையும் செய்தால் படலம் இடம் மாறுமே தவிர போகாது. லென்ஸில் முதலில் ஊதுகுமிழால் தூசியை ஊதிவிட்டு, பிறகு உலர்ந்த மைக்ரோஃபைபரால் லேசாகத் துடைத்தால் போதும். கண்ணாடி கிளீனர் ஸ்ப்ரேயை லென்ஸ் மேல் அடிக்காதீர்கள். அதன் மேல் பூச்சு இருக்கிறது. லென்ஸ் மேல் ஒட்டி வந்த பாதுகாப்பு பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட்டோமா என்பதையும் ஒரு தரம் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் மங்கல் புகார்களில் இதுவும் உண்டு.

கேமரா இருக்கும் இடம் வைப்பர் துடைக்கும் வளைவுக்குள் விழ வேண்டும். மழையில் படம் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். கண்ணாடி விளிம்பில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் படத்துக்குள் வரக்கூடாது. அந்தப் புள்ளிகள் மேல் டேப்பும் சரியாகப் பிடிக்காது.

டேஷ்போர்டின் பிரதிபலிப்புக்குப் பலரும் சொல்லும் மருந்து சிபிஎல் ஃபில்ட்டர், அதாவது லென்ஸ் மேல் மாட்டிச் சுற்றும் போலரைசர் கண்ணாடி. நல்ல வெயிலில், கேமரா திரையைப் பார்த்தபடி ஃபில்ட்டரைச் சுற்றிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் பிரதிபலிப்பு மறையும். அங்கே நிறுத்த வேண்டும். சும்மா மாட்டிவிட்டுச் சுற்றாமல் விட்டால் பயன் இல்லை. ஆனால் இது வெளிச்சத்தில் பாதியையோ அதற்கு மேலேயோ தின்றுவிடும். பகலில் பொறுத்துக்கொள்ளலாம், இரவில் அடிமடியிலேயே கை வைக்கும். இரவில் அதிகம் ஓட்டுபவர்கள் ஃபில்ட்டரைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டு மேல் பளபளப்பு இல்லாத கறுப்புத் துணி விரிப்பைப் போடுவதே மேல். பிரதிபலிப்பு பெருமளவு குறையும், வெளிச்சம் ஒரு துளியும் குறையாது.

கோணமும் முக்கியம். கேமரா எக்ஸ்போஷரை, அதாவது எவ்வளவு வெளிச்சம் வாங்குவது என்பதை, கணக்கிடுவது படம் முழுவதன் சராசரியைப் பார்த்து. படத்தில் பாதிக்கு மேல் வானம் இருந்தால் வானத்துக்கு ஏற்றபடி அளந்து, சாலையைக் கறுப்படித்துவிடும். வானம் மூன்றில் ஒரு பங்கு, சாலை மூன்றில் இரண்டு பங்கு, பானெட் அடியில் ஒரு கீற்று. இதுதான் நல்ல கட்டம்.

நம்பர் பிளேட் ஏன் படிக்க வரவில்லை

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. கணக்குப் போட்டாலே விடை தெரிந்துவிடும். படுக்கைவாட்டில் 120 டிகிரி பார்க்கும் லென்ஸை எடுத்துக்கொள்வோம். (பெட்டியில் 140 என்று போட்டிருப்பது பெரும்பாலும் மூலைக்கு மூலை அளந்தது.) 1080 வீடியோவின் அகலம் 1920 பிக்சல். ஒரு டிகிரிக்கு 16 பிக்சல் கிடைக்கும். 50 செ.மீ. அகல நம்பர் பிளேட் 10 மீட்டர் தள்ளி இருந்தால் அது பிடிக்கும் கோணம் 2.9 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, பிளேட் முழுவதற்கும் சுமார் 46 பிக்சல். அதில் 10 எழுத்து இருந்தால் ஓர் எழுத்துக்கு நாலைந்து பிக்சல்தான். 3ஐயும் 8ஐயும் பிரித்துச் சொல்ல அது போதாது. அதே பிளேட் 5 மீட்டரில் 9 பிக்சல் வாங்கும், படித்துவிடலாம். 4கே வீடியோவில் இந்தத் தூரம் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். அகலமான லென்ஸ் நல்லது என்று நினைத்து 170 டிகிரி வாங்கினால் பக்கவாட்டில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், நம்பர் பிளேட் இன்னும் சின்னதாகிவிடும்.

இது வண்டி நிற்கும்போதான கணக்கு. ஓடும்போது அசைவு மங்கல் சேர்ந்துகொள்கிறது. இருட்டில் கேமராவின் ஷட்டர் 1/30 நொடி வரை திறந்தே இருக்கும். குறுக்கே 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி அந்த நேரத்துக்குள் 55 செ.மீ. நகர்ந்துவிடும். பிளேட்டின் மொத்த அகலத்தை விட அதிகம்! உங்கள் வேகத்திலேயே முன்னால் போகும் வண்டியின் பிளேட் தெளிவாக இருப்பதும், எதிரே வந்து கடந்த வண்டியின் பிளேட் வெறும் வெள்ளைக் கோடாக இருப்பதும் இதனால்தான். எந்த விலைக் கேமராவும் இதிலிருந்து முழுதாகத் தப்பாது.

இரவில் முன்னால் நிற்கும் வண்டியின் பிளேட் மட்டும் வெள்ளையாக எரிந்து போனால் அது வேறு கதை. பிளேட் உங்கள் ஹெட்லைட் வெளிச்சத்தை நேராகத் திருப்பி அனுப்புகிறது. சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா எக்ஸ்போஷரைக் கூட்டி வைத்திருக்கிறது. மெனுவில் எக்ஸ்போஷர் மதிப்பை 0விலிருந்து -0.3 அல்லது -0.7க்கு இறக்குங்கள். படம் கொஞ்சம் இருட்டாகும், எழுத்து தெரியும். அழகான இரவுப் படம் வேண்டுமா, படிக்க முடிந்த பிளேட் வேண்டுமா என்றால் இரண்டாவதுதான் டேஷ்கேமின் வேலை.

வெளிச்சமான இடமும் இருட்டான இடமும் ஒரே படத்தில் தெரிய உதவும் எச்டிஆர் அல்லது டபிள்யூடிஆர் வசதி சில கேமராக்களில் இரண்டு எக்ஸ்போஷர்களை ஒன்றாகச் சேர்க்கிறது. நிற்கும் காட்சியில் அற்புதமாக இருக்கும். ஓடும் பிளேட்டில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டை உருவமாக விழும். ஒரே சாலையில், ஒரே நேரத்தில், போட்டும் அணைத்தும் ஓட்டிப் பார்த்து எது உங்கள் கேமராவுக்கு ஒத்துவருகிறதோ அதை வையுங்கள். பொது விதி கிடையாது.

இதெல்லாம் போக, மைக்கை அணைத்து வைக்காதீர்கள். ஏதாவது நடந்தவுடன் எதிர் வண்டியின் எண்ணை வாய்விட்டுச் சத்தமாகச் சொன்னால் அது ஒலியாகப் பதிவாகிவிடும். இவ்வளவு நம்பகமான பிளேட் ரீடர் வேறு இல்லை.

படத்தைப் பிடிக்கும் சில்லான சென்சார் பற்றி ஒரு வார்த்தை. உண்மையான 4கே படத்துக்கு 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல் வேண்டும். சோனி ஐஎம்எக்ஸ்335 என்பது 50 லட்சம் பிக்சல் சென்சார். அதை வைத்துக்கொண்டு 4கே என்று விற்றால் இல்லாத பிக்சலை மென்பொருள் இட்டு நிரப்புகிறது என்று அர்த்தம். ஃபைல் பெருக்கும், விவரம் கூடாது. அப்படிப்பட்ட கேமராவை 1440இல் ஓட்டினால் அதே பிட்ரேட்டுக்கு நல்ல படம் கிடைக்கும். ஐஎம்எக்ஸ்415 உண்மையான 4கேதான், ஆனால் அதே 1/2.8 அங்குலப் பரப்பில் 1.45 மைக்ரான் பிக்சல்களை அடைத்திருப்பதால் இருட்டில் இரைச்சல் அதிகம். ஐஎம்எக்ஸ்678 பெரிய சென்சார், 1/1.8 அங்குலம், 2 மைக்ரான் பிக்சல். இரவுப் படத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

டிராஃபிக் சிக்னல் அணைந்து அணைந்து எரிவது போலப் பதிவானால் பயப்பட வேண்டாம். எல்ஈடி விளக்கு மின்சாரத்தின் அலைவுக்கு ஏற்ப மினுக்குகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. கேமராவின் ஃபிரேம் வேகம் அந்த மினுக்கோடு ஒத்துப்போனால் சில நொடிகளுக்கு விளக்கே எரியாதது போல இருக்கும். மெனுவில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் என்ற அமைப்பு உங்கள் நாட்டு மின்சாரத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே பல கேமராக்கள் 30க்குப் பதில் 27.5 ஃபிரேமில் பதிகின்றன. எதனோடும் ஒத்துப்போகாத எண் அது.

ஃபோகஸ் போய்விட்டதா என்பதற்குச் சோதனை எளிது. வண்டியைப் பகலில் நிறுத்திப் பதியுங்கள். பானெட் பளிச்சென்று தெரிந்து, 10 மீட்டர் தள்ளி இருக்கும் பலகை மங்கலாக இருந்தால், கண்ணாடியும் சுத்தமாக இருந்தால், வெயிலில் பசை இளகி லென்ஸ் நகர்ந்திருக்கிறது. உத்தரவாதம் இருக்கும்வரை அதைத் தொடாதீர்கள். முடிந்துவிட்டது என்றால், பெரும்பாலான கேமராக்களில் இருப்பது எம்12 மரையுள்ள லென்ஸ். ஒரு முழுச் சுற்றுக்கு 0.5 மி.மீ. மட்டுமே நகரும். ஹேர் டிரையரால் பசையை மிதமாகச் சூடாக்கி, 8 முதல் 10 மீட்டர் தள்ளி ஒரு எழுத்துப் பலகையை வைத்து, மயிரிழை அளவு திருப்பிப் பதிந்து பார்க்க வேண்டும். கேமராவின் சின்னத் திரையை நம்பி ஃபோகஸ் வைக்க முடியாது. ஒவ்வொரு திருப்பலுக்கும் பதிவைக் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். சரியான இடம் வந்ததும் பக்கவாட்டில் ஒரு சொட்டுப் பசை.

படம் ஜெல்லி போல ஆடினால் காரணம் மவுண்ட், அதாவது கேமராவைத் தாங்கும் பிடி. பந்து மூட்டை இறுக்குங்கள், கை நீளமாக இருந்தால் குட்டையாக்குங்கள். டேப் ஒட்டும் முன் ஆல்கஹாலால் துடைத்து, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். த்ரீஎம் விஎச்பி வகை டேப் 20 நிமிடத்தில் பாதி பிடிப்பைத்தான் அடையும். 90 சதவீதத்துக்கு 24 மணிநேரம் ஆகும். ஒட்டிய உடனே கேமராவைத் தொங்கவிட்டால் இரண்டாம் நாள் அது தரையில் கிடக்கும்.

கார்டு: முக்கால்வாசிக் கோளாறு இங்கேதான்

25 மெகாபிட் பதிவு என்றால் நொடிக்கு 3 எம்.பி.யைக் கொஞ்சம் தாண்டும், மணிக்கு 11 ஜி.பி.யைக் கொஞ்சம் தாண்டும். 128 ஜி.பி. கார்டு 11 மணிநேரத்தில் நிரம்பி, பழையதை அழித்து மேலே எழுதத் தொடங்கும். தினம் 2 மணிநேரம் ஓட்டினால் ஆண்டுக்கு 8 டெராபைட்டுக்கு மேல் எழுதப்படும், கார்டு 60 தடவைக்கு மேல் முழுசாக அழித்து எழுதப்படும். பின் கேமராவும், வண்டி நிற்கும்போது ஓடும் பார்க்கிங் பதிவும் சேர்ந்தால் இது பல மடங்கு. போனில் படம் சேமிக்கும் சாதாரணக் கார்டு இந்த உழைப்புக்குச் செய்யப்பட்டதல்ல. பல கார்டுகளின் உத்தரவாதம் தொடர் பதிவுக்குப் பொருந்தாது என்றே சொல்லியிருக்கிறது. ஹை எண்டியூரன்ஸ் என்று போட்ட கார்டை வாங்குங்கள். அதன் உறையில் இத்தனை மணிநேரம் என்று இருக்கும் எண் ஒரு குறிப்பிட்ட பிட்ரேட்டுக்கான கணக்கு. உங்கள் கேமரா அதைப் போல இரண்டு மடங்கு எழுதினால் ஆயுள் பாதி. அதே வகையில் பெரிய கொள்ளளவு எடுத்தால் ஆயுளும் கூடும், கார்டின் ஒவ்வொரு மூலையிலும் எழுதும் தடவை குறைவதால்.

வேகத்தில் ஒரு குழப்பம் உண்டு. கார்டு மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 100, 150 என்பது படிக்கும் வேகம். எழுதும் வேகத்துக்கு உத்தரவாதம் தருவது யூ1, யூ3, வி30 போன்ற குறியீடுகள். யூ1 குறைந்தது 10 எம்.பி., யூ3யும் வி30யும் 30 எம்.பி. நொடிக்கு 3 எம்.பி. எழுதும் கேமராவுக்கு யூ1 காகிதத்தில் தாராளம். பிறகு ஏன் பதிவு அறுகிறது? தேய்ந்த கார்டு நடுவில் பழைய இடத்தை அழித்துச் சீர்செய்ய நின்றுவிடுகிறது. கேமராவின் தற்காலிக நினைவகம் சின்னது. கார்டு ஒரு நொடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் ஃபிரேம்களைக் கைவிடும், அல்லது ரீஸ்டார்ட் ஆகும். சராசரி வேகம் நன்றாகவே இருக்கும், இந்தத் திடீர் நிறுத்தம்தான் காலை வாரும்.

அடுத்தடுத்த இரண்டு ஃபைல்களுக்கு நடுவே சில நொடிகள் காணவில்லை என்றாலும், ஓடும்போது கேமரா தானாக அணைந்து எழுந்தாலும் முதலில் வேறு கார்டு போட்டுப் பாருங்கள். ஃபார்மட் செய்தும் பழைய ஃபைல்கள் மீண்டும் அப்படியே வந்து நின்றால் ஆராய்ச்சி தேவையில்லை. ஆயுள் முடிந்த கார்டு எழுதுவதை நிறுத்திப் படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்குப் போய்விட்டது. அதற்கு வைத்தியம் கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

புதுக் கார்டையும் நம்பாதீர்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிக் கார்டு முதல் சில மணிநேரம் ஒழுங்காகத்தான் பதியும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதுவதெல்லாம் குப்பை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் கார்டை முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 128 ஜி.பி.யை நொடிக்கு 20 எம்.பி. வேகத்தில் எழுத மட்டுமே ஒன்றே முக்கால் மணிநேரம் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள்.

ஃபார்மட்டைக் கேமராவிலேயே செய்யுங்கள். 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகள் கடையிலிருந்து எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் அடுக்கும் முறையில் வரும். சில கேமராக்களுக்கு ஃபேட்32 வேண்டும். கேமராவின் சொந்த ஃபார்மட் அதைத் தானே மாற்றிக்கொள்ளும். மாதம் ஒரு முறை செய்தால் துண்டு துண்டான ஃபைல் அமைப்பும் சரியாகும், பூட்டிய ஃபைல்களும் போகும்.

பூட்டிய ஃபைல் என்பதையும் பார்க்க வேண்டும். ஜி-சென்சார் அதிர்வை உணர்ந்தால் அந்த ஃபைலை அழிக்கவிடாமல் பூட்டும். சென்சார் கூர்மை உயர்வில் இருந்தால் ஒவ்வொரு வேகத்தடையும் குழியும் விபத்துதான். பூட்டிய ஃபைல்கள் சேரச் சேர சுழற்சிக்கான இடம் சுருங்கி, 11 மணிநேரம் இருந்த பதிவு 2 மணிநேரமாகிவிடும், சில கேமராக்கள் கார்டு நிரம்பிவிட்டது என்று நின்றே விடும். கூர்மையைக் குறைவுக்கு இறக்குங்கள்.

கரண்ட்

கார்டு மாற்றியும் அணைகிறதா? கேமராவை வண்டியிலிருந்து கழற்றி, நல்ல பவர் பேங்கில் 2 மணிநேரம் ஓடவிடுங்கள். இடைவெளி இல்லாமல் பதிந்தால் கேமராவும் கார்டும் நிரபராதிகள், குற்றம் வண்டியின் மின்பாதையில். அங்கேயும் அணைந்தால் கேமரா பக்கம்.

மெல்லிய கேபிள்தான் அதிகம் ஏமாற்றும். 28 ஏ.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமனின் அளவு, எண் குறைந்தால் கம்பி தடிமன்) கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.21 ஓம். மூன்றரை மீட்டர் கேபிளில் போக வர 7 மீட்டர், சுமார் ஒன்றரை ஓம். கேமரா 0.7 ஆம்ப் இழுத்தால் வழியிலேயே 1 வோல்ட் போய்விடும். 5 வோல்ட் கிளம்பி 4 வோல்ட் வந்து சேர்ந்தால் எந்தக் கேமரா நிம்மதியாக ஓடும்? அதே நீளத்தில் 22 ஏ.டபிள்யூ.ஜி. கம்பி என்றால் இழப்பு கால் வோல்ட்தான். கேமராவோடு வந்த கேபிளையும் அடாப்டரையும் பயன்படுத்துங்கள். மாற்ற வேண்டி வந்தால் கம்பி தடிமனைக் கேட்டு வாங்குங்கள். வண்டி ஸ்டீரியோவின் யூஎஸ்பி துளையில் மாட்டுவது வேண்டாம். அதில் பெரும்பாலும் அரை ஆம்ப்தான் வரும், சில கேமராக்கள் அதைக் கம்ப்யூட்டர் என்று நினைத்துப் பதிவை நிறுத்திவிட்டுப் பென் டிரைவாக மாறும். சிகரெட் லைட்டர் துளையில் அடாப்டர் ஆடினால் குழியில் இறங்கும்போதெல்லாம் கேமரா அணைந்து எழும். குழி ஏற்ற இறக்கத்தோடு அணைவது ஒத்துப்போனால் கைவைத்து ஆட்டிப் பாருங்கள்.

கேமரா ஓடும்போது எஃப்எம் ரேடியோ கரகரத்தாலோ, ஜிபிஎஸ் பிடிக்கவில்லை என்றாலோ அடாப்டரின் மின் இரைச்சலைச் சந்தேகப்படுங்கள். கேபிளில் அடாப்டருக்கு அருகே ஒரு ஃபெரைட் வளையத்தைக் கவ்விவிட்டுப் பார்க்கலாம். வெப்பம் தடுக்க உலோகப் பூச்சு இட்ட முன்கண்ணாடி என்றால் ஜிபிஎஸ் சிக்னலே உள்ளே வராது. அதற்குக் கண்ணாடியில் பூச்சில்லாத இடத்தைத் தேட வேண்டும்.

ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேரடி இணைப்பு கொடுக்கும் கிட்டில் பெரும்பாலும் மூன்று கம்பி: மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்கும் ஃபியூஸுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரும் ஃபியூஸுக்கு, கறுப்பு பாடி எர்த்துக்கு. நிறம் மாறலாம், கையேட்டைப் பாருங்கள். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் பார்க்கிங் மோடு வேலை செய்யாது, அல்லது எப்போதும் பார்க்கிங்கிலேயே கிடக்கும். மல்ட்டிமீட்டர் வைத்து அளக்காமல் செருக வேண்டாம். ஏர்பேக், ஏபிஎஸ் ஃபியூஸ்களைத் தொடவே கூடாது. எர்த்தைப் பெயின்ட் இல்லாத உலோகத்தில் இருக்கும் போல்ட்டில் முறுக்குங்கள், பெயின்ட் மேல் வைத்தால் கேமரா விட்டு விட்டு ஓடும். முன்கண்ணாடி ஓரத் தூணுக்குள் திரை போல விரியும் ஏர்பேக் இருந்தால் கேபிள் அதற்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் போனால் ஏர்பேக் விரியும்போது கேபிள் தடையாகும். 5 வோல்ட் கேமராவுக்கு 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் கதை அங்கேயே முடிந்தது. கிட்டில் இருக்கும் சின்னப் பெட்டிதான் வோல்ட்டை இறக்குகிறது.

பார்க்கிங் பதிவு கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது என்றால் கட் ஆஃப் வோல்ட்டை, அதாவது பேட்டரி எந்த வோல்ட்டுக்கு இறங்கினால் கிட் கேமராவை அணைக்கும் என்பதை, பாருங்கள். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழுசாக இருந்தால் 12.6, 12.7. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. கிட்டில் 12.4 வைத்திருந்தால், முழுசாகச் சார்ஜ் ஆகாத பேட்டரியில் அது சில நிமிடத்தில் அணைவது இயல்பு. பேட்டரி புதிதென்றால் 12.0, பழையதென்றால் 12.2 நல்லது. 11.8 வரை இறக்கிவிட்டுக் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கேமராவைத் திட்டக்கூடாது. 3 வாட் கேமரா 10 மணிநேரத்தில் 3 ஆம்பியர் மணி அளவுக்குத்தான் இழுக்கும். ஆரோக்கியமான பேட்டரிக்கு இது பொருட்டல்ல.

கேமராவுக்குள் இருக்கும் சின்ன லித்தியம் பேட்டரியோ சூப்பர் கெப்பாசிட்டரோ ஒரே வேலைக்காக இருக்கிறது: வெளிக் கரண்ட் போனதும் கடைசி ஃபைலை மூடிச் சேமிக்க. வெயிலில் வாடும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். சோதிக்க, பதிவு ஓடும்போது, ஒரு கடிகாரத்தைப் படத்தில் காட்டியபடி கேபிளைப் பிடுங்குங்கள். கடைசி ஃபைல் திறந்து, பிடுங்கிய நொடிக்கு ஓரிரு நொடி முன்பு வரையாவது பதிவு இருந்தால் நல்ல நிலை. ஃபைலே திறக்கவில்லை என்றால் விபத்தில் மின்சாரம் அறுந்தால் நடக்கப்போவதும் இதுதான். உறை உப்பியிருந்தால், திரை விளிம்பு தூக்கினால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். வெயில் அதிகம் உள்ள இடங்களில் கெப்பாசிட்டர் கேமராதான் வாங்க வேண்டும், இதில் விவாதமே இல்லை.

தேதி ஒவ்வொரு முறையும் பழையபடி மாறினாலும் அதே பேட்டரிதான் காரணமாக இருக்கும். இதை அலட்சியப்படுத்த வேண்டாம். சில கேமராக்கள் பழைய தேதி ஃபைலை முதலில் அழிக்கும். கடிகாரம் பின்னால் போனால் இன்றைய பதிவுதான் முதலில் பலியாகும். தேதி 19, 20 ஆண்டு பின்னால் தெரிந்தால் காரணம் ஜிபிஎஸ். அது வாரத்தை 1024 வரை எண்ணி மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 இரவு அப்படி ஆனது. ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) புதுப்பிப்பு இருந்தால் சரியாகும்.

நிறுத்திய வண்டியில் கண்ணாடியை ஒட்டிய வெப்பம் 70 டிகிரியைத் தாண்டலாம். பெரும்பாலான கேமராக்களின் இயங்கு எல்லை 60 முதல் 70. ஏசி போட்ட சில நிமிடத்தில் தானாக உயிர் பெற்றால் சூடுதான். திரையையும் வைஃபையையும் அணைத்து வையுங்கள், பார்க்கிங் பதிவைக் குறைந்த ஃபிரேமுக்கு மாற்றுங்கள்.

விபத்து நடந்து, ஃபைல் திறக்கவில்லை என்றால்

முதல் வேலை, கேமராவுக்குக் கரண்டைத் துண்டித்துக் கார்டைக் கழற்றுவது. வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்து பணிமனைக்கு ஓட்டும் நேரத்தில் சுழற்சிப் பதிவு அந்த ஃபைலையே அழித்துவிட முடியும். கார்டில் எதையும் எழுதாமல், பூட்டு வசதியுள்ள அடாப்டரில் போட்டு, முழுக் கார்டையும் அப்படியே ஒரு இமேஜ் ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு செய்யும் எல்லா முயற்சியும் அந்த நகலில்தான்.

எம்பி4 ஃபைல் திறக்காததற்குப் பெரும்பாலும் காரணம், கடைசியில் எழுதப்பட வேண்டிய அட்டவணை எழுதப்படாமல் போனது. படமும் ஒலியும் உள்ளே இருக்கும், எது எங்கே என்ற குறிப்பு மட்டும் இருக்காது. அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருள், அதே கேமராவில் அதே அமைப்பில் பதிந்த நல்ல ஃபைல் ஒன்றைப் பார்த்து இந்த அட்டவணையைத் திரும்பக் கட்டும். ரெசல்யூஷனோ பிட்ரேட் முறையோ வேறாக இருந்தால் வேலை செய்யாது, ஆகவே கார்டில் இருக்கும் முந்தைய ஃபைலையே மாதிரியாகக் கொடுங்கள். டிஎஸ் முறையில் பதியும் கேமராக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அறுந்த இடம் வரை ஓடும். மெனுவில் எம்பி4, டிஎஸ் என்று தேர்வு இருந்தால் டிஎஸ்ஸை வையுங்கள்.